இல்லாத மேசையைச் சுற்றிப் போவது

நாடக வகுப்பு எடுக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் மாணவர்களிடம் நான் அதிகம் சொன்ன வாக்கியம், "கூச்சப்படாதீர்கள், மனம் போனபடி செய்யுங்கள்" என்பதுதான். 15 வயதுப் பிள்ளைகள் 28 பேரை ஒரு காலி அறையில் நிறுத்திவைத்துச் சொல்லக்கூடியவற்றில் இதைவிட இரக்கமற்ற கட்டளை வேறு இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான்கு பேர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பலர் கைகளைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பையன் குரங்கு போலக் குதித்துக் கைதட்டல் வாங்கினான். அதைப் பார்த்து இன்னும் மூன்று குரங்குகள் வந்தன. வகுப்பு முடிந்ததும், இந்தப் பிள்ளைகளிடம் கற்பனையே இல்லை என்று சக ஆசிரியரிடம் குறைபட்டுக்கொண்டேன். கற்பனை அவர்களிடம் தாராளமாக இருந்தது. அதைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு கழிந்த 11 ஆண்டுகளில், மேடை அசைவு என்றும் இம்ப்ரவைசேஷன் (எழுதிய வசனமில்லாமல் அந்த நேரத்திலேயே உருவாக்கி நடிப்பது) என்றும் பாடத்திட்டம் தனித்தனியாகப் பிரித்துவைத்திருக்கும் இரண்டையும் நான் ஒரே பாடமாகத்தான் நடத்திவருகிறேன். மாணவனின் கவனத்தை அவன் மேலிருந்து எடுத்து வேறொன்றின் மேல் வைப்பது எப்படி என்பதே அந்தப் பாடம்.

இந்த வயதுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தம்மை எல்லோரும் எந்நேரமும் கவனித்துக்கொண்டிருப்பதாக வளரிளம் பருவத்தினர் உணர்வதை அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் 'கற்பனைப் பார்வையாளர்' என்ற பெயரால் விளக்கினார். நாடக ஆசிரியர் அந்தக் கற்பனைப் பார்வையாளரை நிஜமாகவே கூட்டிவந்து நாற்காலிகளில் உட்காரவைத்துவிடுகிறார். போதாக்குறைக்கு, உடலும் அந்த வயதில் ஒத்துழைப்பதில்லை. ஒரு விடுமுறை முடிவதற்குள் கால்கள் நீண்டுவிடுகின்றன, குரல் உடைந்துவிடுகிறது, பழைய தோள்களை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரிவதில்லை. "கையை என்ன சார் செய்யறது?" என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பிலேயே வந்துவிடும். பிறந்ததிலிருந்து உடன் இருக்கும் கைகள்தாம். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றவுடன், யாரோ பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன மூட்டைகளைப் போல அவை கனக்கத் தொடங்குகின்றன.

இதற்கான விடையை நான் அமெரிக்க நாடக ஆசிரியர் வயோலா ஸ்போலினிடமிருந்து கற்றேன். 1906-இல் பிறந்த அவர், 1920-களில் சிகாகோவின் ஹல் ஹவுஸ் என்ற சமூகசேவை மையத்தில் நீவா பாய்ட் என்ற சமூகப் பணியாளரிடம் குழு விளையாட்டுகளைப் பயின்றார். பிறகு அந்த விளையாட்டுகளை நாடகப் பயிற்சியாக மாற்றிக்கொண்டு போய், 1963-இல் நூலாகவும் வெளியிட்டார். சிகாகோவில் இம்ப்ரவைசேஷன் அரங்கம் வேரூன்றியதில் அவருடைய மகன் பால் சில்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்போலினின் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு கவனப்புள்ளி இருக்கும். ஆடுபவர் மனத்தை அதன் மேல் வைத்திருந்தால் போதும், மற்றவை தாமாக வரும் என்பது அவருடைய நம்பிக்கை. படிக்கும்போது இது சாதாரணமாகத் தெரிந்தது. பந்து விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அதே பையன்தான், வகுப்பில் எழுந்து நின்று நாலு வரி படிக்கச் சொன்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்கிறவன், பந்தின் பின்னால் ஓடும்போது தன் முகம் எப்படி இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறான். அவனுக்கு நான் தர வேண்டியது துணிச்சல் இல்லை, ஒரு பந்து.

ஆகவே முதல் மூன்று வாரங்கள் பெரும்பாலும் நடப்பதிலேயே கழிகின்றன. செருப்பு, காலுறை இரண்டையும் கழற்றிவிட வேண்டும் (காலுறையோடு மட்டும் வேகமாக நடந்தால் வழுக்கிவிடும்). சங்கிலி, வளையல், கைக்கடிகாரம், சட்டைப்பையில் இருக்கும் பேனா எல்லாம் ஓரத்துக்குப் போய்விட வேண்டும். பிறகு அறை முழுவதும் நடக்கச் சொல்கிறேன். உடனே எல்லோரும் ஒரே திசையில் வட்டமாகச் சுற்றத் தொடங்கிவிடுவார்கள். இது எந்த ஆண்டும் மாறியதில்லை. வட்டத்தை உடைப்பதற்கு, அறையில் எங்கே இடம் காலியாகத் தெரிகிறதோ அங்கே போய் நிரப்புங்கள் என்று மட்டும் சொல்வேன். காலி இடத்தைத் தேடத் தொடங்கியவுடன் கண்கள் தரையிலிருந்து எழுகின்றன, கழுத்து நிமிர்கிறது, கைகள் இயல்பாக ஆடுகின்றன. கையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்தது வேகம். அன்றாட நடையை 5 என்று வைத்துக்கொண்டால், ஓடாமல் போகக்கூடிய உச்ச வேகம் 10. நகர்கிறாரா நிற்கிறாரா என்று ஐயம் எழுப்பும் வேகம் 1. எண்ணை நான் சொல்லச் சொல்ல அவர்கள் மாற வேண்டும். 3-இல் நடப்பதுதான் மாணவர்களுக்கு மிகக் கடினம் என்பதை நான் கண்டிருக்கிறேன். 1-ஐ ஒரு வித்தை போலச் செய்து காட்டிவிடலாம், 3-இல் ஒளிந்துகொள்ள எதுவும் இல்லை. இது பழகியபின் எண் சொல்வதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு விதியை வைக்கிறேன்: யாராவது ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும், யாராவது ஒருவர் நகர்ந்தால் எல்லோரும் நகர வேண்டும். முதல் நாள் அறை முழுவதும் அடங்குவதற்கு நான்கைந்து நொடிகள் ஆகும். தொடர்ந்து செய்துவந்தால், முதலில் நின்றவர் யார் என்று வெளியிலிருந்து பார்ப்பவரால் சொல்ல முடியாத நாள் ஒன்று வருகிறது. மேரி ஓவர்லி தொடங்கிவைத்து ஆன் போகார்ட்டும் டினா லாண்டாவும் விரிவாக்கிய 'வியூபாயிண்ட்ஸ்' பயிற்சிமுறையில், பிறர் அசைவுக்கு உடல் யோசிக்காமல் பதில் சொல்லும் இந்தத் திறனுக்குத் தனிப்பெயரே உண்டு. அந்தப் பெயரை நான் மாணவர்களிடம் சொல்வதில்லை. முதுகையும் காதாக்கிக்கொள்ளுங்கள் என்கிறேன். அது அவர்களுக்குப் புரிகிறது.

கண்ணாடிப் பயிற்சியும் இதே வகைதான். இருவர் எதிரெதிரே நிற்க, ஒருவர் அசைய, மற்றவர் பிம்பமாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் தலைமை ஏற்பவர் எதிரிலிருப்பவரை ஏமாற்றப் பார்ப்பார். வெடுக்கென்று கையை இழுப்பார், காதைச் சொறிவார். பிம்பம் உங்களை விட்டுப் பிரிந்தால் தவறு உங்களுடையது என்று சொல்லிவிட்டால் ஆட்டம் அப்படியே மாறிவிடுகிறது. பிறகு யாரும் தலைமை ஏற்க வேண்டாம், இருவருமே பிம்பங்கள் என்று சொல்லும்போது அறையில் ஏற்படும் அமைதியை நான் வேறெந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை. அதே அமைதியைத் தாங்க முடியாமல் ஒருவர் களுக்கென்று சிரிப்பதும் உண்டு. சிரிப்பை நான் கண்டிப்பதில்லை. சிரிப்பு வந்தால் அதையும் பிம்பம் செய்ய வேண்டும் என்பது விதி. செய்தால் அது சீக்கிரம் அடங்கிவிடுகிறது.

பொருள்களற்ற மேடையில் பொருள்களை உண்டாக்கும் பயிற்சிக்குத்தான் நான் அதிக நேரம் ஒதுக்குகிறேன். ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து, பேசாமல், ஓர் அறையைக் கட்ட வேண்டும். முதலில் வருபவர் கதவைத் திறந்து வந்து ஒரு பொருளைப் பயன்படுத்திவிட்டுப் போகிறார். அடுத்தவர் அதே கதவைத் திறந்து, முன்னவர் வைத்த பொருளைத் தொட்டு, தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறார். ஐந்தாமவர் நான்கு பேர் வைத்துப்போன எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். தாழ்ப்பாள் இடுப்புயரத்தில் இருந்ததா, நெஞ்சுயரத்தில் இருந்ததா? கதவு உள்ளே திறந்ததா, வெளியே திறந்ததா? தண்ணீர் குடித்த குவளையைக் கீழே வைத்தாரா, அல்லது விரல்களை விரித்துக் காற்றிலேயே கரைத்துவிட்டாரா? குவளையைப் பிடித்திருக்கும் விரல்கள் முழுவதும் மூடிக்கொண்டால் குவளை செத்துவிட்டது என்று பொருள். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை, உட்கார்ந்து பார்க்கும் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒரு முறை நான்கு பேர் மிகுந்த பாடுபட்டு நடுவில் ஒரு பெரிய மேசையைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஓரத்தைத் துணியால் துடைத்தார்கள், அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஒருத்தி முழங்காலை இடித்துக்கொண்டு நொண்டவும் செய்தாள். ஐந்தாவதாக வந்த பையன் நேராக அந்த மேசைக்குள் நடந்துபோனான். வகுப்பே "ஐயோ" என்று அலறியது. அவன் திரும்பிப் பார்த்து, "எங்கே, என்ன ஆச்சு?" என்றான். இல்லாத ஒன்று உடைந்ததற்காக 23 பேர் பதறியதைவிட நாடகம் என்றால் என்னவென்று தெளிவாகச் சொல்லும் விளக்கம் என்னிடம் இல்லை. அந்த மேசையை மரமாக்கியது நான்கு பேர் அதைச் சுற்றிப் போனதுதான்.

மேடையின் நிலவியலுக்கு நான் அரை வகுப்பு மட்டுமே தருகிறேன். வலமும் இடமும் நடிகருடைய வலமும் இடமும். பின்பகுதி 'அப்ஸ்டேஜ்', முன்பகுதி 'டவுன்ஸ்டேஜ்'. பழைய ஐரோப்பிய மேடைகள் பார்வையாளரை நோக்கிச் சரிந்திருந்ததால் பின்னால் போவது மேலே போவதாக இருந்தது என்ற காரணத்தைச் சொன்னால் யாரும் மறப்பதில்லை. இங்கே ஓர் இடைச்செருகல்: சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடரங்குக்கு 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று அளவு சொல்கிறது, கோல் என்பது 24 விரல். புகவும் வெளியேறவும் இரண்டு வாயில்களும் உண்டு. ஓர் ஆண்டு மாணவர்கள் தம் விரல்களாலேயே ஒரு கழியை அளந்து, தரையில் சுண்ணக்கட்டியால் அந்த அரங்கை வரைந்தார்கள். ஆளுக்கொரு கோல் வந்தது, ஆளுக்கொரு மேடை வந்தது. மேடையை உடலால் அளக்கும் ஒரு மரபு நமக்கு இருந்தது என்பதை அன்று அவர்கள் முழங்காலில் ஊர்ந்து தெரிந்துகொண்டார்கள்.

உணர்ச்சியைக் கற்பிப்பதில்தான் நான் நீண்ட காலம் தடுமாறினேன். "சோகமாக நில்" என்றால் 28 பேரும் தோளைத் தொங்கவிட்டு வாயைக் கோணலாக்குவார்கள். தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டையும் உணர்ச்சி என்று அழைக்காமல் மெய்ப்பாடு என்று அழைக்கிறது. மெய்யில் படுவது, உடலில் வெளிப்படுவது. அச்சம் முதலில் உள்ளே நிகழ்ந்து பிறகு உடலுக்கு வருவதாக நாம் எண்ணிக்கொண்டு, உள்ளே போய் அச்சத்தைத் தேடச் சொல்கிறோம். பிள்ளைகள் போய்த் தேடுகிறார்கள், ஒன்றும் கிடைக்காமல் முகத்தால் சமாளிக்கிறார்கள். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் தம் இறுதி ஆண்டுகளில் உணர்ச்சியை நேராகப் பிடிக்கும் முயற்சியைவிட உடற்செயல்களிலிருந்து பாத்திரத்தைக் கட்டும் வழியைத்தான் அதிகம் நம்பினார். இப்போது நான் சோகம் என்ற சொல்லையே வகுப்பில் பயன்படுத்துவதில்லை. இந்தக் கடிதத்தை மடித்து உறைக்குள் வை, ஆனால் கடைசி மடிப்பை மட்டும் தாமதப்படுத்து என்று சொல்கிறேன்.

அந்தத் தாமதத்துக்கும் அழுத்தத்துக்கும் ஒரு சொல்வளம் தேவைப்பட்டபோது ருடால்ஃப் லாபான் கைகொடுத்தார். நடனத்திலிருந்து வந்த லாபான், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் அசைவுகளை ஆராய்ந்தவர், தொழில் ஆலோசகர் எஃப். சி. லாரன்ஸுடன் சேர்ந்து 1947-இல் அதை நூலாக்கினார். ஓர் அசைவு வலுவானதா மென்மையானதா, திடீரென்றா நிதானமாகவா, நேராகவா சுற்றிவளைத்தா என்று மூன்று கேள்விகள் கேட்டால், அவர் 'முயற்சி' என்று அழைத்த எட்டு அசைவு வகைகள் கிடைக்கின்றன. வலுவும் வேகமும் நேர்ப்போக்கும் சேர்ந்தால் குத்து. மென்மையும் நிதானமும் சுற்றலும் சேர்ந்தால் மிதப்பு. குத்து, வீச்சு, அழுத்தம், முறுக்கல், தட்டல், சுண்டல், வழுகல், மிதப்பு என்று நான் தமிழில் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே கதவை எட்டு விதமாகத் திறக்கச் சொன்னால், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கதவுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். திறப்பவருக்கோ அப்படி எந்தக் கதையும் தெரியாது. அழுத்தி, நிதானமாக, நேராகத் திறந்தார், அவ்வளவுதான். பாரிஸில் 1956-இல் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகோக்கின், எந்த உணர்ச்சியும் காட்டாத நடுநிலை முகமூடியையும் நான் முயன்றதுண்டு. இத்தாலியச் சிற்பி அம்லெதோ சார்தோரி அவருக்காகத் தோலில் செய்துகொடுத்த முகமூடி எங்கே, என் வகுப்பின் அட்டை முகமூடி எங்கே! ஆனாலும் முகம் மறைந்தவுடன் மார்பும் முழங்காலும் பேசத் தொடங்குவதை அட்டையே காட்டிவிடுகிறது.

பேச்சோடு கூடிய இம்ப்ரவைசேஷனுக்கு இத்தனைக்கும் பிறகே வருகிறேன். அங்கே கீத் ஜான்ஸ்டன் எனக்கு வழிகாட்டி. 1950-களின் பிற்பகுதியில் லண்டனின் ராயல் கோர்ட் அரங்கில் பணி தொடங்கி, பின்னாளில் கனடாவின் கால்கரியில் 'தியேட்டர்ஸ்போர்ட்ஸ்' என்ற போட்டி வடிவத்தை உருவாக்கியவர், 2023-இல் மறைந்தார். இருவருக்கு இடையிலான உயர்வு தாழ்வைச் சின்னஞ்சிறு உடற்செயல்கள் ஏற்றி இறக்குகின்றன என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பேசும்போது தலையை அசைக்காமல் வைத்திருப்பவர் உயர்ந்து தெரிகிறார். அடிக்கடி முகத்தைத் தொடுபவர் தாழ்ந்து தெரிகிறார். வாக்கியத்தைத் தொடங்கும் முன் குறுகிய ஒரு 'ம்' போட்டால் தாழ்வு. அதையே நீட்டி இழுத்தால், நான் பேசி முடிக்கும்வரை நீ காத்திரு என்ற அதிகாரம். பள்ளி மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நாள் முழுவதும் அவர்கள் வாழ்வது இந்த ஏற்ற இறக்கத்துக்குள்தான். ஒருத்தியை ஆசிரியராகவும் ஒருவனைத் தாமதமாக வந்த மாணவனாகவும் வைத்து, மாணவன் உயர்ந்தும் ஆசிரியர் தாழ்ந்தும் இருக்கட்டும் என்றேன். அவன் தலையை அசைக்காமல், "உட்காருங்க மிஸ்" என்றான். அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் சிரித்தேன், கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. அவள் முகத்தைத் தொட்ட விதம் என்னுடையது.

எதிரிலிருப்பவர் தரும் யோசனையை ஏற்றுக்கொண்டு அதன் மேல் ஒன்றைச் சேர்ப்பது என்ற விதி எல்லோரும் அறிந்ததுதான். அதை மீறுபவர்களில் பயந்தவர்களைவிட வேடிக்கைக்காரர்களே அதிகம். "அப்பா, மழை வருகிறது" என்று ஒருத்தி தொடங்கினால், "நான் உன் அப்பா இல்லை, தபால்காரன்" என்று ஒருவன் சொல்வான். கூட்டம் சிரிக்கும், காட்சி அங்கேயே படுத்துவிடும், அவள் அடுத்த முறை எதையும் தொடங்கமாட்டாள். முதல் ஆண்டுக் குரங்குப் பையனும் இப்படிப்பட்டவன்தான். அவனை அடக்குவதால் பயன் இல்லை. மூன்று நிமிடக் காட்சியில் யாரையும் சிரிக்கவைக்காமல், எதிரிலிருப்பவர் சொல்வதை மட்டும் நடத்திவைப்பது உன் வேலை என்று அவனிடம் சொன்னேன். முதல் முறை அவன் பட்ட பாடு பார்க்கவே வேதனையாக இருந்தது. புத்திசாலித்தனமாக எதுவும் செய்யாதே, கண்ணுக்கு எதிரே இருப்பதையே செய் என்பதை ஜான்ஸ்டன் திரும்பத் திரும்ப வலியுறுத்தியதன் காரணம் அவனைப் பார்த்தபோது புரிந்தது. இசைக் கச்சேரியில் மனோதர்மம் என்கிறோமே, அங்கேயும் ராகத்தின் வரம்பு தெரியாதவரை யாரும் பாடவிடுவதில்லை.

ஏற்றுக்கொள்வது என்ற விதியை வயது வந்தவர்களுக்குச் சொல்வதுபோல மாணவர்களுக்குச் சொல்லிவிட முடியாது. இதில் எனக்கு வலுவான கருத்து உண்டு. ஒரு மாணவியின் தோளில் கைபோட்டுவிட்டு, காட்சியில் மறுக்கக்கூடாது என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டவனை நான் சந்தித்திருக்கிறேன். பாத்திரம் ஏற்றுக்கொள்ளலாம், உடல் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்று அன்றிலிருந்து முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். தொடுவதற்கு முன் கேட்க வேண்டும்; "நிறுத்து" என்று யார் சொன்னாலும் காரணம் கேட்காமல் காட்சி நிற்கும்; காரணம் பிறகும் கேட்கப்படாது. பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவாலின் படிம அரங்கில் ஒருவர் உடலை இன்னொருவர் சிற்பம்போல் வடிப்பதுண்டு. என் வகுப்பில் சிற்பி தொடாமல், தன் உடலில் செய்துகாட்டித்தான் வடிக்க வேண்டும். மேடைச் சண்டையின் அடிப்படையும் இதோடு ஒத்துப்போகிறது: அடிவாங்குபவர் கையில்தான் கட்டுப்பாடு இருக்க வேண்டும். முடியைப் பிடித்து இழுக்கும் காட்சியில் இழுப்பவர் வெறும் முஷ்டியைத் தலையின் மேல் வைக்கிறார், அவ்வளவே; அந்த முஷ்டியை இரு கைகளாலும் தன் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நகர்பவர் இழுக்கப்படுபவர். விழுவதற்கும் அப்படித்தான்: இடுப்பைத் தாழ்த்தி, மூச்சை விட்டுக்கொண்டு, தொடையின் பக்கவாட்டுச் சதையில் இறங்க வேண்டும், எலும்பும் நீட்டிய உள்ளங்கையும் தரையைச் சந்திக்கக்கூடாது. மெதுவாகவே 20 முறை விழுந்து பார்த்த பிறகுதான் வேகம்.

நடிக்கவே மாட்டேன் என்று ஆண்டு முழுவதும் மறுத்த ஒரு மாணவி இருந்தாள். நடைப் பயிற்சியில் கலந்துகொள்வாள், பேசும் காட்சி என்றால் ஒதுங்கிவிடுவாள். அவளைக் காட்சியை நிறுத்தும் வேலையில் அமர்த்தினேன். எப்போது கைதட்டினால் காட்சி நல்ல இடத்தில் உறையுமோ அப்போது அவள் தட்ட வேண்டும். நான் தட்டும் இடங்களைவிட அவள் தட்டிய இடங்கள் சரியாக இருந்தன. எனக்குக் காட்சி முடிந்தபின்தான் அது முடிந்தது தெரியும். அவளுக்கு ஒரு மூச்சுக்கு முன்பே தெரிந்துவிடும். கடைசிவரை அவள் மேடையேறவில்லை. ஏறவைத்திருக்க வேண்டும் என்று மதிப்பெண் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

மதிப்பெண் என்பது இந்தப் பாடத்தின் தீராத தலைவலி. ஸ்போலின் பாராட்டையும் கண்டனத்தையும் ஒரே நோயின் இரு பக்கங்களாகப் பார்த்தார். ஆசிரியரின் முகத்தைப் பார்த்து ஆடும் பிள்ளை கவனப்புள்ளியை விட்டுவிடுகிறது. "அருமை" என்று நான் சொன்ன மறுநொடியே, அந்த அருமையை ஐந்து பேர் நகலெடுப்பதைப் பார்த்துப் பார்த்து நானும் அந்தச் சொல்லைக் கைவிட்டேன். காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து "குவளையின் கனம்!", "அவள் கண்!" என்று சுருக்கமாகக் குரல் கொடுப்பதும், முடிந்தபின் பார்த்தவர்களிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்பதும் மட்டுமே மிஞ்சின. பிடித்ததா என்று கேட்பதில்லை. படிவத்தில் எண் போட்டாக வேண்டுமே என்றால், கவனித்ததற்குப் போடுகிறேன்: பிறர் வைத்த பொருளை நினைவில் வைத்திருந்தாரா, பிறர் தொடங்கியதை எடுத்துச் சென்றாரா என்பதற்கு. குரங்குகளுக்கு இதில் மதிப்பெண் குறையும், பெற்றோர் வந்து கேட்பார்கள், மேடையில் அவன்தானே அதிகம் சிரிக்கவைத்தான் என்று.

எழுதிய நாடகத்தை ஒத்திகை பார்க்கும் பருவத்தில் இவையெல்லாம் திரும்பி வருகின்றன. வசனம் மனப்பாடமான பிறகு பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். எதிரிலிருப்பவரின் கடைசிச் சொல் மட்டும் காதில் விழுந்தால் போதும் என்றாகிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் காட்சி முழுவதையும் பொருளற்ற ஒலிகளில், உளறல் மொழியில், பேசச் சொல்கிறேன். சொல் கைவிட்டவுடன் உடல் வேலை செய்தாக வேண்டும். இரண்டு சகோதரிகள் வீட்டை விற்பது பற்றிச் சண்டையிடும் ஒரு காட்சியை இப்படிச் செய்தபோது, மூத்தவளாக நடித்தவள் உளறிக்கொண்டே தங்கையின் பக்கம் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். எழுத்தில் அப்படி ஒரு குறிப்பே இல்லை. மறுபடி வசனத்துக்குத் திரும்பியபோதும் நாற்காலி நகர்ந்தது, "உனக்கு என்ன தெரியும்?" என்ற கோபமான வரி அதன் பின் வேறு வரியாகிவிட்டது.

அந்தக் காட்சியிலும் ஒரு மேசை உண்டு. நிஜ மேசை இன்னும் வந்துசேராததால், மேடைச் சாமான் குழு நான்கு மூலைகளுக்கு மட்டும் தரையில் நாடா ஒட்டியிருந்தது. ஒரு நாள் ஒத்திகை நீண்டு, மணி அடித்து, எல்லோரும் பைகளை எடுக்க எதிர்ச் சுவரை நோக்கி விரைந்தார்கள். ஓட்டமும் நடையுமாகப் போனவர்கள் நாடாவுக்கு அருகில் வந்ததும் இரண்டாகப் பிரிந்து, இடமும் வலமுமாக மேசையைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஒன்றுசேர்ந்தார்கள். பேச்சை யாரும் நிறுத்தவில்லை. வேறு வகுப்பிலிருந்து நண்பனைத் தேடி வந்த பையன் ஒருவன் மட்டும் நேராக நடுவில் நடந்துவந்தான். மூன்று பேர் ஒரே குரலில் அவனைத் திட்டினார்கள்.